நாடகத்துக்கு ஊரில் என்ன வேலை?

கொல்லிமலையின் வாசலூர்பட்டிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் படகு இல்லத்துக்காக வருகிறார்கள். காரவள்ளியில் அடிவாரத்தை விட்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்து, ஆகாய கங்கையிலும் அறப்பளீசுவரர் கோயிலிலும் ஒரு பகலைக் கழித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கொல்லிமலை மற்றவர்களுக்கு எதைக் காட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வாழ்கிறவர்கள் தங்களுக்காகத் தாங்களே எதை ஆடிப் பார்க்க முடியும் என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. பகலில் மிளகுக் கொடியிலும் மரவள்ளிக் காட்டிலும் பாடுபட்டு, இரவில் ஒத்திகை பார்த்து, கூலி வாங்காமல் சொந்த ஊர்ச் சனத்தின் முன்னால் வேஷம் கட்டி நிற்கும் ஒரு குழு எதனால் நிலைக்கும், எதனால் கலையும்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. டிவியும் செல்போனும் வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டன என்பது ஒன்று. பணம் இல்லை, ஆதரவு இல்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் பாதியில் நின்றுவிடுகின்றன. ஒரே வட்டாரத்தில், ஒரே டிவியின் எதிரில், ஒரு வகை ஊர் நாடகம் அழிந்திருக்கிறது, இன்னொரு வகை தப்பித்திருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தமிழ் பேசும் ஊர்களையும் சில வெளி ஊர்களையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்த நாடகம் நடக்காவிட்டால் ஊரில் ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நிலை இருக்கும்வரை ஊர்க்குழு பிழைத்திருக்கிறது. வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலை அதற்கு ஊரில் இருக்க வேண்டும்.

கொல்லிமலைக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்கள் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் ஓரியைப் பாடியவை. முதல் பாட்டில் ஒரு பாணர் குழு காட்டு வழியே போகிறது. ஒரு வேட்டுவன் விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பார்த்தவர்கள் வியந்துபோகிறார்கள். குழுவின் தலைவர் தான் பாடப்போவதாக விறலியிடம் சொல்லி, முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லி ஆயத்தப்படுத்துகிறார். பாட்டு முடிந்து அரசனே என்று விளித்ததும் வேட்டுவன் நாணிப்போகிறான். மான் இறைச்சியும் கள்ளும் மலையின் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அவன்தான் ஓரி. அடுத்த பாட்டில் அவன் அளித்த பரிசிலும் விருந்தும் எப்படிப்பட்டவை என்றால், வயிறு நிறைந்த அந்தக் கூட்டம் ஆட மாட்டாமல், பாடவும் மறந்து நின்றுவிடுகிறது.

இந்தக் காட்சியை நாடகம் தெரிந்த எவரும் மேடையாகவே பார்ப்பார். ஆள் மாறாட்டம், உண்மை வெளிப்படும் கணம், இசைக்குழுவின் ஆயத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஆட்டக்காரர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். மலை அவர்களுக்குச் சோறு போட்ட இடம். இன்றும் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் மேடைக் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. விழாவுக்கு நாள் இருக்கிறது, நாயகன் இருக்கிறான், கூட்டமும் இருக்கிறது. மலையின் ஊர்கள் அந்தக் கதையைத் தங்கள் கதையாக எடுத்து ஆடுவதற்கு இதைவிடத் தோதான நாள் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்கு முன், சமவெளியில் ஊரார் எதை ஆடினார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் நடக்கும் பாரத விழா, உலகின் பெரிய ஊர் நாடகங்களில் ஒன்று. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நகர்ந்து, கடைசி நாள் காலையில் ஊர் வெளியில் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். வேஷக்காரர்கள் அந்த உடம்பின் மேலேயே ஏறி ஆடுவார்கள். வீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.

இதில் கூத்து செய்யும் வேலையைக் கவனியுங்கள். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். மழை பொய்த்தால் விராட பர்வம் வைப்பார்கள். தொண்டை மண்டலத்து ஊர்களில் இறந்தவருக்குக் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவது வழக்கம். கர்ணன் சாகும் அந்த விடியலில் செத்துப்போன தகப்பனுக்கும் மோட்சம் கிடைக்கும் என்று மகன் நம்புகிறான். இந்த வேலையைச் சினிமாவால் செய்ய முடியாது. அதனால்தான் வீட்டுக்கு வீடு டிவி உள்ள ஊர்களிலும் கர்ண மோட்சத்துக்குக் குழுவைத் தேடி ஆள் வருகிறது.

கூத்தை இன்று பெரும்பாலும் ஜமா எனப்படும் தொழில்முறைக் குழுக்களே ஆடுகின்றன. புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையும், காஞ்சிபுரம் பக்கம் பெ. ராசகோபாலும் அவருடைய தோழர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், சேலம் மாவட்டத்தில் மணல்வீடு இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணனின் களரி அமைப்பும் இந்தக் கலைக்குச் செய்திருக்கும் பணி பெரிது. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். குறைவாக எழுதப்பட்டது இன்னொரு வழக்கம். ஒரு வாத்தியாரை ஊரே அமர்த்தி, சாப்பாடு போட்டு, சில மாதம் தங்க வைத்து, உழவு வேலை குறைந்த நாட்களில் வாலிபர்களுக்கு ஒரே ஒரு நாடகத்தைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அரங்கேற்றுவது. அடவு பிசகும், தாளம் தப்பும். ஆனாலும் துரியோதனனாக வருவது யாருடைய மகன் என்று கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பையனுக்குக் கட்டை கட்டி முகத்தில் அரிதாரம் பூசியதும், பகலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெரியவர் எழுந்து வந்து மாலை போடுகிறார். தொழில்முறைக் குழு எவ்வளவு நன்றாக ஆடினாலும் இதைத் தர முடியாது.

இந்த வழக்கத்தின் முழு வடிவத்தைப் பார்க்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரை ஊர்களில் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஊராரே ஆடுவன. ஆடுகிறவர்கள் உழவர்கள், மீனவர்கள், கூலித் தொழிலாளர்கள். ஒரு கூத்து மேடைக்கு வரும் பாதை படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதலில் சட்டம் கொடுத்தல்: ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடற்கட்டையும் பார்த்து இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. ஆட்டம் கால்களில் படிந்ததும் சதங்கை அணியும் சடங்கு. அதன்பின் வாராவாரம் கிழமைக் கூத்து. பிறகு அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை. கடைசியில் வட்டக் களரியில், சுற்றிலும் சனம் உட்கார்ந்திருக்க, விடிய விடிய அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை. வேஷத்தோடு வீட்டுக்கு வீடு போய் ஆடி அன்பளிப்பு பெறுவார்கள்.

இந்த ஏற்பாட்டின் அருமை என்னவென்றால், பார்வையாளர் அரங்கேற்ற இரவில் முதன்முதலாக நாடகத்தைப் பார்ப்பதில்லை. பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் சதங்கை கட்டிய அன்றைக்கே வீட்டார் வந்து நிற்கிறார்கள். கிழமைக் கூத்தில் அவன் எங்கே தடுமாறினான் என்று கிழவிகளுக்குக்கூடத் தெரியும். அரங்கேற்றத்தில் அதே இடத்தை அவன் தாண்டும்போது களரியைச் சுற்றி எழும் ஆரவாரம் கதைக்கானது மட்டுமன்று, அவன் தேறியதற்கானதும்கூட. ஓராண்டில் பாதிக் காலம் ஒரு நாடகம் ஊரின் பேச்சாக இருக்கிறது. ஊர் வாலிபர்களை ஒரே இடத்தில் கூட்டி, பெரியவர் சொல் கேட்கவும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவும் பழக்குகிறது. அங்கே கூத்துக்கு உள்ள வேலை அது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளைச் சுருக்கி, கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று நகர மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் இந்தத் துறையின் முதன்மையான ஆய்வாளரானார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது அந்த முயற்சியால்தான். ஆனால் விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி நேரமானபோது, கூத்து ஊரிலிருந்து பிரிந்து ஒரு கலைப் பொருளாகவும் ஆனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை ஊராரோடு சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் எதிர்த் திசையில் போனது. கூத்தை வெளியே எடுக்காமல் அந்த ஊரிலேயே வைத்து, ஊராரே கதையைக் கேள்வி கேட்டார்கள். பெண்பாத்திரங்கள் ஏன் இப்படிப் பேசுகின்றன, சாதியைத் தாழ்த்தும் வரிகள் ஏன் இன்னும் இருக்கின்றன என்று விவாதித்துப் பாட்டுகளை மாற்றினார்கள். போரால் நைந்துபோன ஒரு மாவட்டத்தில் இது நடந்தது. ஊர் நாடகம் பற்றித் தமிழில் நடந்த சோதனைகளுள் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

தமிழகத்தில் ஊரார் ஆடிய இன்னொரு பெரும் வகை சமூக நாடகம். இதன் பிறப்பில் இரண்டு ஓடைகள் கலக்கின்றன. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, வக்கீலும் அதிகாரியும் சம்பளமில்லாமல் நடிக்கலாம், அது கௌரவமான காரியம் என்பதை நிலைநாட்டியது. மறுபுறம் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு நாடகங்கள் பாய்ஸ் கம்பெனிகள் வழியாகவும், பிறகு ஸ்பெஷல் நாடகமாகவும் பட்டிதொட்டியெல்லாம் பரவி, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்ற அச்சை எல்லோர் மனதிலும் பதித்தன. 1940களில் திராவிட இயக்கம் மேடையைக் கையில் எடுத்தபோது இரண்டும் சேர்ந்துகொண்டன. அண்ணாவின் வேலைக்காரியும் ஓர் இரவும் பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னே நிறுத்தின. வசனம் பேச சங்கீதம் வேண்டாம், குரலும் துணிச்சலும் போதும். ஊரில் படிப்பகம் வைத்திருந்த வாலிபர்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டது.

அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் மாரியம்மன் பண்டிகைக்கோ பொங்கலுக்கோ ஊர் இளைஞர்கள் நாடகம் போடுவது வழக்கமாயிற்று. நோட்டீஸ் அடிப்பார்கள். டவுனிலிருந்து சீன் செட்டும் மைக் செட்டும் வாடகைக்கு வரும். கதாநாயகியாக நடிக்க ஊர்ப் பெண்கள் முன்வர முடியாததால் நாடக நடிகை ஒருவரைக் காசு கொடுத்து அழைத்து வருவார்கள். அவர் அன்று மாலைதான் வந்து இறங்குவார், ஒத்திகை இல்லாமலேயே ஈடு கொடுப்பார். இடையிடையே மைக்கில், இன்னாரின் நடிப்பைப் பாராட்டி இன்னார் அன்பளிப்பு இத்தனை ரூபாய் என்று அறிவிப்பு வரும். அடுத்த மாதம் முழுக்க அந்த அறிவிப்பு பற்றிய பேச்சு ஓயாது.

இந்த நாடகங்கள் இலக்கியத் தரமாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் வசனம் எழுதி, அதை ஆளுக்கு ஆள் நோட்டில் பகுத்து, மனப்பாடம் செய்து, நானூறு பேர் முன்னால் நடுங்காமல் பேசிய அனுபவம் பல்லாயிரம் பேருக்குக் கிடைத்தது. தமிழ் அரசியலின் பேச்சாற்றலுக்கு இந்த மேடைகள் எவ்வளவு கொடுத்திருக்கின்றன என்று யாராவது முறையாக ஆராய வேண்டும். அரசும் இதன் வலிமையை உணர்ந்திருந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலின் நடுவே 1954இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், வசனப் பிரதியை அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்கவும் நாடகத்தைத் தடுக்கவும் இடம் கொடுத்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவை ஆக்கியது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. நடுவிலிருந்த அறுபது ஆண்டுகளில், பண்டிகை நாடகம் போட விரும்பிய ஒரு பட்டிக்காட்டு வாலிபனும் காவல் நிலையத்தின் சம்மதத்தை நினைத்துக்கொண்டே எழுத வேண்டியிருந்தது.

பிறகு இந்த நாடகம் விழுந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, 80களில் பண்டிகை இரவில் வாடகை வீடியோ டெக்கில் விடிய விடிய மூன்று படம் ஓட்டினார்கள், அதன்பின் ஆடல் பாடல் நிகழ்ச்சி வந்தது. இவைதான் காரணம் என்றால், அதே பண்டிகைகளில் கூத்து ஏன் பிழைத்தது? சமூக நாடகம் நாளடைவில் சினிமாவைப் பார்த்து எழுதப்பட்டது. சினிமாப் பாட்டு, சினிமா வசனம், சினிமாச் சண்டை. படக் கொட்டகை பத்து மைல் தள்ளி இருந்தவரை அது ஊருக்குச் சினிமாவின் வேலையைச் செய்தது. சினிமாவே டெக்கில் ஏறி ஊருக்குள் வந்ததும் நாடகத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதோடு, செலவில் பெரும்பங்கு வாடகைப் பொருள்களுக்கும் வெளியாட்களுக்கும் போனது. சொந்தக் கருவி, சொந்த வாத்தியார், சொந்தப் பெண்பாத்திரம் எதுவும் ஊரில் தங்கவில்லை. ஒரு வருஷம் நாடகம் நின்றால் மறு வருஷம் எடுத்து நடத்த ஒன்றும் மிஞ்சவில்லை.

1990களில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தை இங்கே நினைக்க வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் முன்னின்று நடத்திய கலைப்பயணங்களில் பள்ளி ஆசிரியர்களும் ஊர் வாலிபர்களும், முக்கியமாக இளம்பெண்களும், திரையும் விளக்கும் இல்லாமல் தெருவில் நின்று நடித்தார்கள். ஸ்திரீபார்ட்டுக்கு வெளியூர் நடிகையைத் தேடிய காலம் ஒரே வீச்சில் முடிந்தது போலிருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு பறை முழக்கத்துக்கு ஆடிய பெண்ணை அவள் ஊரே பார்த்தது. ஆனால் நாடகம் நடக்கும் நாளைத் திட்டம்தான் தீர்மானித்தது, ஊர் தீர்மானிக்கவில்லை. எழுத்தறிவுத் திட்டம் முடிந்ததும் நாளும் முடிந்தது. கற்ற ஆற்றல் அத்தனை பேரிடமும் இருக்க, கூடுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது.

நாள் தவறாத ஊர் ஒன்று தஞ்சை மாவட்டத்தில் இருக்கிறது. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாடகங்கள், அந்த ஊர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதியவை. ஆடுகிறவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். வங்கியிலும் அலுவலகத்திலும் வெளியூர்களில் வேலை பார்க்கிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மராக வருபவர் அன்று விரதம் இருந்து, கோயிலில் பூஜையில் இருக்கும் முகமூடியைத் தரித்துக்கொள்கிறார். அவரைத் தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். சுற்றியிருந்த பல ஊர்களில் இந்தக் கலை அற்றுப்போனபோதும், இடையில் தளர்ந்து 1930களுக்குப் பிறகு புத்துயிர் பெற்று, மெலட்டூரில் அது நிலைத்திருக்கிறது. வெளியூரில் பிழைப்பு என்பது ஊர் நாடகத்துக்கு எமனாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கொல்லிமலையிலிருந்து வேலைக்குக் கீழே இறங்கும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜெர்மனியின் பவேரிய மலையடிவாரத்தில் உள்ள ஒபெரம்மர்காவ் இதன் உச்சம். 1633இல் கொள்ளைநோய் தாக்கியபோது, நோய் விலகினால் பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவதாக ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. 2020இல் நடக்க வேண்டியது இன்னொரு கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. அந்த ஊரில் பிறந்தவர்களோ, 20 ஆண்டு அங்கே குடியிருந்தவர்களோதான் நடிக்கலாம். ஏறக்குறைய ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள். நாடகத்துக்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஆண்கள் முடி வெட்டாமல் தாடி வளர்க்கிறார்கள். நம் தென்மாவட்டக் கத்தோலிக்கச் சிற்றூர்களில் தவக்காலத்தில் போடும் பாஸ்கா நாடகங்களும் இதே பக்தியில் பிறந்தவைதான்.

ஆனால் நேர்த்தியும் மரபும் காத்த இடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மெலட்டூரில் பெண்வேடமும் ஆண்களுடையது, ஆடுகிறவர்கள் ஒரே சமூகத்தார். ஒபெரம்மர்காவில் மணமான பெண்களும் 35 வயதைக் கடந்த பெண்களும் நடிக்கக் கூடாது என்றிருந்த விதி, பெண்கள் நீதிமன்றம் போய் வென்ற பிறகு 1990இல்தான் விலகியது. நம் பாரத விழாக்களிலும் யார் வேஷம் கட்டலாம், யார் மத்தளம் அடிக்கலாம், யார் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் எத்தனையோ. ஊர் முழுக்க ஆடுகிறது என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, அந்த ஊரில் யார் யார் சேர்த்தி என்று கேட்காமல் விட்டால் அந்தப் பெருமை பொய். சீலாமுனையை உயர்வாக நான் மதிப்பதற்குக் காரணமும் இதுவே. நாளையும் களரியையும் விடாமல், கதையையும் ஆளையும் மாற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

சடங்கு இல்லாமலும் ஊர் நாடகம் வேரூன்ற முடியுமா? கர்நாடகத்தின் மலைநாட்டில், ஷிமோகா மாவட்டத்து ஹெக்கோடு அதற்குப் பதில். பாக்கு விளைவிக்கும் அந்தச் சிற்றூரில் 1949இல் ஊர்க்காரர்கள் கூடி நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்று ஒரு சாதாரண ஊர் நாடக மன்றத்தைத் தொடங்கினார்கள். நீநாசம் என்று உலகம் அறிந்தது அதுதான். அதை வளர்த்த கே.வி. சுப்பண்ணா பாக்குத் தோட்டக்காரர், எழுத்தாளர், பதிப்பாளர். 1980இல் அங்கே நாடகப் பள்ளி வந்தது, 1985இல் ஊர் ஊராய்ப் போகும் திருகாட்டக் குழு வந்தது, 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பலரும் இந்த ஆண்டுகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளி வருவதற்கு முந்தைய முப்பது ஆண்டு. விருதும் நிதியும் தேடி வராத காலத்தில், பாக்குத் தோட்ட வேலை முடிந்து வந்தவர்கள் தங்கள் ஊருக்கு மட்டுமே நாடகம் போட்டார்கள், புத்தகம் போட்டார்கள், உலகத் திரைப்படங்களைக் கொண்டுவந்து பார்த்து விவாதித்தார்கள். உலக அறிவு தங்கள் ஊருக்கு வந்து சேரும் வழியாக நாடகத்தை ஆக்கினார்கள். கோயில் கொடுக்காத வேலையை ஊரே உண்டாக்கிக்கொண்டது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு வாசலூர்பட்டிக்குத் திரும்பினால், அங்கே ஒரு குழுவுக்கு என்ன வேலை இருக்கக்கூடும் என்பது ஓரளவு தெளிவாகிறது. தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வரலாறு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறிய கதையைச் சொல்கிறது. கூத்தின் தாய்நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். அந்தப் பிரிவையும் மலையேற்றத்தையும் ஆடிக் காட்ட அவர்களைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை. மாசி பெரியண்ணசாமி கோயிலும் எட்டுக்கை அம்மன் கோயிலும் இருக்கின்றன. கொல்லிப்பாவை என்ற, பார்ப்பவரை மயக்கிக் கொல்லும் பாவையின் கதை சங்கப் பாடல்களிலிருந்தே தொடர்ந்து வருகிறது. ஓரியை இன்னொரு குறுநிலத் தலைவனான காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததையும், காரி ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலையும் சங்கப் புலவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரசு விழா ஓரியின் கொடையையும் வில்லையும் கொண்டாடுகிறது. தலைவனை இழந்த மலை என்ன செய்தது என்பதை மலைக்காரர்கள்தான் ஆட வேண்டும்.

புராணத்தோடும் நிற்க வேண்டியதில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியதும், அதற்கு எதிராகச் சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவர எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஊராரோடு சேர்ந்து வேலை செய்ததும் இந்த மலையில் நடந்தவை. ஒரே குடும்பத்தில் பாட்டி சாமை என்கிறாள், மகன் மரவள்ளி என்கிறான், பேரன் படகு இல்லத்துப் பக்கம் கடை போடலாம் என்கிறான். இதைவிட நல்ல நாடக முரண் எந்த நகர எழுத்தாளருக்கும் வாய்க்காது. ஊர்க் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச முடியாததை வேஷம் கட்டிப் பேசலாம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கு அந்த உரிமையைக் கூத்து எப்போதோ கொடுத்துவிட்டது.

நடைமுறையில் தேவைப்படுபவை அதிகமில்லை. மிளகு அறுவடை முடிந்து ஆடி வருவதற்குள் சில மாதங்கள் கிடைக்கின்றன, சட்டம் கொடுத்துப் பயிற்சியை முடிக்க அது போதும். மத்தளம், தாளம், ஆர்மோனியம், ஆடை ஆகியவை ஊரின் சொத்தாக ஊரிலேயே இருக்க வேண்டும், வாடகைக்கு எடுக்கும் பழக்கம் கூடாது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மூத்த கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒரு பருவம் மலையில் தங்க வைக்கும் செலவை ஊராட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஏற்கலாம். இன்றுள்ள அரசு உதவிகள் இந்த இடத்தில்தான் பிசகுகின்றன. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் கலையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கானது. அது தேவை, இன்னும் வலுப்பட வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஓர் இரவு ஆடும் உழவர் எந்தப் பதிவேட்டிலும் கலைஞர் ஆக மாட்டார். அவருக்கு உதவித்தொகை வேண்டாம். வாத்தியாரும் கருவியும் களரிக்கு ஒரு மேடும் வேண்டும்.

பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் அது திறந்திருக்கிறது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி மேலே ஏறுகிறது. பரிசு வாங்கிய நாடகமும் வாங்காத நாடகமும் ஒருமுறை பிள்ளைகளின் சொந்த ஊரில், தாய் தகப்பன் முன்னால் நடக்க ஏற்பாடு செய்தால், பெண்பிள்ளைகள் மேடையேறுவது ஊருக்குப் பழகும். அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வரும்போது அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஊரில் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் பெண்களுக்கு முதல் நாளிலேயே இடம் வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அந்த இடம் வராது என்பதைச் சமூக நாடகத்தின் நாற்பது ஆண்டு காட்டியிருக்கிறது. பயிற்சி நடக்கும் இடமும் நேரமும் அவர்கள் வீடு திரும்புவதற்கு ஏற்றபடி அமைய வேண்டும், விடிய விடிய ஆட முடியாவிட்டால் பகலில் ஆடலாம், படுகளமும் பகலில்தானே நடக்கிறது.